கான்ஸ் லேப் நாட்குறிப்பு: எவ்வளவு வெட்டாமல் விடுவது?

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

எங்கள் பல் மருத்துவக் கல்லூரியில் சொத்தைப் பல்லை அடைக்கப் பழகும் இடம்தான் கான்ஸ் (கன்சர்வேட்டிவ் டென்டிஸ்ட்ரி) லேப். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இன்றைக்குத்தான் முதல்முறையாக ஃபேண்டம் ஹெட் என்னும் பொம்மைத் தலை முன்னால் உட்கார்ந்தார்கள். இதுவரை பெரிய பிளாஸ்டர் மாடலில் குழி வெட்டிப் பழகியவர்கள். பிளாஸ்டரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம். ஃபேண்டம் ஹெட்டில் அது நடக்காது. ரப்பர் கன்னம் வழிமறிக்கும், தாடை ஓரளவுக்கு மேல் திறக்காது, மேல் கடைவாய்ப் பல்லை நேராகப் பார்க்கவே முடியாது. கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

கண்ணாடியில் முன்னும் பின்னும் மாறித் தெரியும். கை ஒரு பக்கம் போவதாக நினைக்கும், பர் (வெட்டும் முனை) எதிர்ப்பக்கம் போய் நிற்கும். அதனால் ஆரம்பத்தில் நான் ஏரோட்டாரை, அதாவது பர்ரைச் சுழற்றும் கருவியை, கையில் கொடுப்பதில்லை. பென்சில் முனையால், கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, மேல் பல்லின் பள்ளங்களை வரையச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பி, இடுப்பை வளைத்து, நேராக எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவரையும் நிமிர்த்தி உட்காரவைத்தேன். இப்போது இப்படிக் குனியப் பழகினால், கிளினிக் போட்டு உட்காரும் வயதில் கழுத்தும் முதுகும் பதில் சொல்லும்.

அப்புறம் மோதிர விரல். அது பக்கத்துப் பல்லின் மேல் ஊன்றியே இருக்க வேண்டும். நோயாளி சட்டென்று தலையை அசைத்தால் கையும் கூடவே அசையும்; பர் வழுக்கி நாக்கிலோ கன்னத்திலோ பாயாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கும் சொல்வேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏரோட்டார் கொடுத்தாயிற்று. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் கருவி. அழுத்தவே வேண்டாம், தொட்டு நகர்த்தினால் போதும். ஆனாலும் எல்லாரும் அழுத்துகிறார்கள்.

இன்னொரு ஆசை, தண்ணீரை மூடிவிட்டு வெட்டுவது. தண்ணீர் கண்ணாடியில் தெறித்து மறைக்கிறதாம். ஒரு பையன் மூடியே விட்டான். பிளாஸ்டிக் பல் கருகும் வாடை வந்ததும் பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன். 1965-இல் ஸாக், கோஹன் இருவரும் குரங்குகளின் பற்களைச் சூடாக்கிப் பார்த்தார்கள். பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாய்களும் இருக்கும் கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடியதற்கே 15 சதவீதப் பற்களில் கூழ் செத்துப்போனது. பிளாஸ்டிக் பல்லுக்குக் கூழ் கிடையாது, நாளைக்கு வரப்போகும் நோயாளிக்கு உண்டு. கண்ணாடியில் தண்ணீர் விழுந்தால் உதவிக்கு நிற்பவர் காற்றடித்துத் துடைக்கட்டும்.

ஆழத்தை அளக்கத் தனிக் கருவி தேட வேண்டாம் என்றும் காட்டினேன். 245 எண் பர்ரின் விட்டம் 0.8 மில்லிமீட்டர், வெட்டும் பகுதியின் நீளம் 3 மில்லிமீட்டர். பாதி இறங்கினால் 1.5 மில்லிமீட்டர். மையப் பள்ளத்தில் அவ்வளவுதான் வேண்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிடுங்கிய பற்கள் வந்துவிட்டன. அமால்கம் (பாதரசம் சேர்ந்த உலோகக் கலவை) அடைத்த பற்களைத் தனியே பிரித்து ஃபார்மலினில் போட்டோம். அவற்றை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் சூட்டில் பாதரச ஆவி கிளம்பும். மற்றவை ஆட்டோகிளேவுக்குப் போயின.

நிஜப் பல்லில் முதல்முறை பர் வைக்கும் முகங்களைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வெட்டுப்படும். நிஜப் பல்லில் மேலுறையான எனாமல் முரண்டு பிடிக்கும். அதைத் தாண்டி அடியில் உள்ள மென்மையான டென்டினுக்குள் நுழையும்போது கை லேசாக இறங்கும். அந்த இறக்கத்தை விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறக்காது.

மதியம் ஒரு மாணவி கீழ்க் கடைவாய்ப் பல்லில் கிளாஸ் ஒன் (மெல்லும் பரப்பின் பள்ளத்தில் வெட்டும் குழி) முடித்துக் கொண்டுவந்தாள். சுவர்கள் நேர், தரை சமம், ஓரம் வழவழவென்று இருந்தது. "நல்லா இருக்கா மேம்?" நல்லாத்தான் இருந்தது. ஆனால் இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள அகலத்தில் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அவள் பாதியைத் தின்றிருந்தாள். சுவர் கோணலாகத் தெரிந்ததாம், சரிசெய்ய இன்னும் கொஞ்சம் வெட்டினாளாம், அப்புறம் எதிர்ச்சுவர் ஒத்துப்போகவில்லையாம். அழகுக்காக வெட்டப்பட்ட அந்த எனாமல் இனி வளராது. உடம்பில் எலும்புகூட ஒட்டிக்கொள்ளும், எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததோடு போய்விடுகின்றன.

இதில் அவளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மதிப்பெண் தாளில் சுவருக்கு மார்க் இருக்கிறது, தரைக்கு இருக்கிறது, ஓரத்துக்கு இருக்கிறது. மிச்சம் வைத்த பல்லுக்கு மார்க் இல்லை.

அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி.வி. பிளாக் 1908-இல் எழுதிய புத்தகம்தான் இன்னமும் நம் லேபை நடத்துகிறது. அவர் காலத்துக்கு அது சரி. அமால்கம் பல்லில் ஒட்டாது. உள்ளே அகன்று வெளியே குறுகிய குழி இருந்தால்தான் நிற்கும், போதிய தடிமன் இல்லாவிட்டால் உடையும். சொத்தை வராத பள்ளங்களையும் சேர்த்து வெட்டிவிடு, பின்னால் வராது என்றார். ஃப்ளூரைடு பேஸ்ட் கடைக்கு வராத காலம் அது. 1955-இல் புவானகோர் பாஸ்போரிக் அமிலத்தால் எனாமலைப் பொறித்து ரெசின் என்னும் பிசினை ஒட்டவைத்தார். 1962-இல் போவன் பல் நிறத்தில் அடைக்கும் இன்றைய காம்போசிட்டுக்கு அடிப்படையான பிசினைக் கொண்டுவந்தார். ஒட்டும் பொருள் கைக்கு வந்தபின் சொத்தை இருக்கும் அளவுக்குத்தான் குழி வேண்டும். பிளாக்கின் கணக்கு கையைப் பழக்க நல்ல பயிற்சி, அதை நான் விடச் சொல்லவில்லை. ஆனால் கை பழகும்போதே மனசும் பழகிவிடுகிறது, அதுதான் என் கவலை.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று கிளினிக்கில் இறுதியாண்டு. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, "சிமெண்ட் வைக்க வந்தேன்" என்று வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. எக்ஸ்ரேயில் கூழுக்கு மிக அருகில். குளிர்ச்சி வைத்ததும் உணர்ந்தார், எடுத்ததும் கூச்சம் போய்விட்டது. தானாக வலிப்பதில்லை. கூழைக் காப்பாற்றிவிடலாம்.

மாணவன் ரப்பர் டேமை (பல்லை எச்சில் படாமல் தனியாக்கும் ரப்பர் விரிப்பை) நன்றாகப் போட்டான். ஓரச் சுவர்களைச் சுத்தம் செய்யச் சொன்னேன். ஸ்பூன் எக்ஸ்கவேட்டரால் சுரண்டும்போது கெட்டியான டென்டினில் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். சுற்றிலும் அந்தச் சத்தம் கேட்கிற வரை எடுக்க வேண்டும். அங்கேதான் ஃபில்லிங் ஒட்டி மூடப்போகிறது. அப்புறம் நடுத்தரைக்கு வந்தான். முதலில் ஈரமாக, குழைவாக வந்தது. பிறகு தோல்போல உரிந்தது, நிறம் பழுப்பு. அவன் கை நிற்கவில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இன்னும் கறுப்பா இருக்கே மேம். சொத்தையை உள்ளே விட்டு மூடினா திட்டுவாங்களே?"

நிறத்தைப் பார்க்காதே, கெட்டியைப் பார் என்றேன். ஆழமான சொத்தையில் கூழுக்கு மேலே கொஞ்சத்தை விட்டுவிட்டு மேலே இறுக்கமாக மூடுவதைத்தான் 2016-இல் வெளிவந்த சர்வதேச ஒருமித்த பரிந்துரையும் சொல்கிறது. வெளியிலிருந்து சர்க்கரை போகாவிட்டால் உள்ளே அடைபட்ட கிருமிகளுக்கு வாழ்வு இல்லை. எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்று இன்னும் அரை மில்லிமீட்டர் போயிருந்தால் கூழ் திறந்திருக்கலாம். பிறகு ரூட் கெனால், அதன் மேல் கேப். அந்த அம்மாவுக்கு எத்தனை நாள் கூலி, எத்தனை பஸ் டிக்கெட்!

முடிந்ததும் அவர் கேட்டார், "நரம்பு வரைக்கும் போயிடுச்சா தம்பி?" அவன் என்னைப் பார்த்தான். நீயே சொல் என்றேன். "போகலைம்மா. பக்கத்துல வந்து நின்னுட்டோம். வலி வந்தா உடனே வாங்க, இல்லைன்னாலும் ஆறு மாசத்துல ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்" என்றான். சரியாகச் சொன்னான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பாதரசம் பற்றி வகுப்பு. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் வந்த மினமாட்டா ஒப்பந்தம், 2018-இல் இந்தியா ஏற்றது, இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அமால்கத்துக்குத் தடை. "அப்ப எதுக்கு மேம் இன்னும் அதுக்கே குழி வெட்டுறோம்?" என்று பின்வரிசையில் ஒரு குரல். நியாயமான கேள்வி. பதிலைத் துறைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. பிள்ளைகள் லேபைக் கழுவி, ஃபேண்டம் ஹெட்டுகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார்கள். ஹேண்ட்பீஸின் காற்றுத் துளைகளில் மட்டும் குங்குமம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பொரி கொடுத்தார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

துறைக் கூட்டம் நீண்டது. பல்கலைக்கழகத் தேர்வில் கேட்பதை மாற்ற நம்மால் முடியாது, அதற்குத் தயார் செய்தே ஆகவேண்டும் என்றார் ஹெச்ஓடி. மறுக்க முடியவில்லை. ஆனால் இன்டர்னல் தேர்வு நம் கையில் இருக்கிறது. மதிப்பெண் தாளில் புதிதாக ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டார்: மிச்சம் வைத்த நல்ல பல். பத்து மார்க் கேட்டேன், ஐந்து கிடைத்தது. பக்கத்துப் பல்லில் பர் பட்டால் அதிலிருந்து கழிக்கலாம் என்று சீனியர் ஒருவர் சொன்னார். நல்ல யோசனை. கிளாஸ் டூ (பக்கத்துப் பல்லைத் தொடும் பக்கத்துக் குழி) வெட்டும்போது நடுவில் மெட்டல் ஸ்ட்ரிப் வைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். ஓரல் சர்ஜரியில் பிடுங்கும் பற்களில் சின்னச் சொத்தை உள்ளவற்றைத் தனி டப்பாவில் சேர்த்துவைக்க வேண்டும். சொத்தையே இல்லாத பல்லில் வெட்டிப் பழகினால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி பிள்ளைகளுக்கு எப்படி வரும்? சர்ஜரிக்காரர்கள் டப்பா கேட்டார்கள். நாளைக் காலை லேபிள் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.