டிக்கெட் கேட்பவன்

முப்பத்தோராண்டுகள் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் டிக்கெட் பரிசோதகர்களைப் பற்றிய 'கொன்ட்ரோல்' என்ற ஹங்கேரியப் படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. 2003இல் வந்தது, நிம்ரோத் அந்தாலின் முதல் முழுநீளப் படம். புடாபெஸ்ட் மெட்ரோவில், ரயில் ஓடாத இரவு நேரங்களில் எடுத்திருக்கிறார்கள். இது வெறும் கற்பனைதான் என்று மெட்ரோ நிறுவனத்தின் தலைவரே முதலில் திரையில் வந்து காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறார். மேலதிகாரிகள் எங்கும் ஒரே ஜாதி!

முகத்தை மறைத்த ஒருவன் பயணிகளை ரயிலின் முன் தள்ளிவிடுகிறான். கதையின் திகில் அதுதான். என் கண் போனதோ பரிசோதகர்களின் கைப்பட்டை மேல். அந்த மெட்ரோவில் பயணியைத் தடுக்கும் கதவு கிடையாது. ஆள் வந்து கேட்டால்தான் டிக்கெட். கேட்டவனுக்கு வசவு, எச்சில், சில சமயம் அடி. புல்ச்சு என்பவனின் குழுவில் கோபம் வந்தால் அப்படியே தூங்கி விழும் ஒருவன் இருக்கிறான். சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒருமுறை கழிவறையில் ஒளிந்த மாணவனுக்காகக் கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றேன். அவன் வெளியே வந்தபோது பெட்டி முழுக்க அவன் பக்கம் நின்றது.

வேலை முடிந்தபின் இவர்கள் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. பின்னால் கடைசி ரயில் வர, தண்டவாளத்தில் இறங்கி அடுத்த நிலையம் வரை ஓட வேண்டும். அந்த ஓட்டத்தின்போது சோபா நுனிக்கு வந்துவிட்டேன். பகலெல்லாம் அவமானப்பட்டவனுக்கு இரவில் ஏதாவது ஒன்றை வென்றாக வேண்டியிருக்கிறது. எங்களுக்குச் சீட்டாட்டம் இருந்தது.

புல்ச்சு முன்பு கட்டடக் கலைஞன். சுரங்கத்திலிருந்து தரைக்கு மேலே போகவே மாட்டான், நடைமேடையிலேயே படுத்து உறங்குகிறான். கரடி உடையில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்யும் சோஃபியிடம்தான் அவன் முகம் தெளிகிறது. அவள் அந்த மெட்ரோவின் வயதான ஓட்டுநரின் மகள்.

பாதியில் தூங்கிப்போன என் மனைவி, படம் முடிந்ததும் விழித்து, "கொலைகாரன் யார்?" என்று கேட்டாள். படம் அதைத் தெளிவாகச் சொல்வதில்லை. "அந்தக் கரடிப் பெண்ணிடம் டிக்கெட் இல்லை" என்றேன்.

"அபராதம் போட்டார்களா?" என்றாள். முப்பத்தோராண்டுப் பழக்கம் அவளுக்கும்தான்.