தண்ணி பளிச்சுனு இருந்துச்சு, மீன்தான் செத்துப்போச்சு

ரெண்டாவது கோல்டு ஃபிஷ்ஷும் செத்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது, இத்தனை நாளா தண்ணியோட தெளிவைத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன், தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமையானா மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாயடியில வெச்சுப் பிழிஞ்சு, கூழாங்கல்லைக்கூட தேய்ச்சுக் கழுவிட்டு, பெரிய சாதனை பண்ணவன் மாதிரி உக்காந்து வேடிக்கை பாப்பேன். ரெண்டு நாள்ல மீன் தண்ணி மட்டத்துல வாயை வெச்சுக்கிட்டு பக் பக்குனு காத்தை முழுங்கும். பசி போலன்னு இன்னும் ஒரு சிட்டிகை சாப்பாடு போடுவேன் (எழுதவே வெக்கமா இருக்கு).

மீன் செவுள் வழியா அமோனியாங்கிற கழிவை விட்டுக்கிட்டே இருக்கும், அது மீனுக்கே விஷம். அதை நைட்ரைட்டாக்கி (அதுவும் விஷம்தான்), அப்புறம் அவ்வளவா கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்குற பாக்டீரியாவுல முக்காவாசி குடியிருக்கறது அந்த ஸ்பாஞ்ச்லதான், குளோரின் தண்ணில கழுவி நானே அதைக் காலி பண்ணிட்டேன். புதுத் தொட்டில அது திரும்ப வளர 4-6 வாரம் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்துல 40 பங்கு) கீழ, பிஹெச், அதாவது அமில-கார அளவு, 7-8 இருக்கணும், இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட் கிட்டுக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் கோல்டு ஃபிஷ் கெண்டை வகை, சீனாவுல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி சாம்பல் கலர்ல இருந்த மீனைத்தான் பொறுக்கிப் பொறுக்கி பொன் நிறமாக்கினாங்க. அதோட சொந்த வீடு குளம், குட்டை, மெதுவா ஓடுற ஆத்தோரம், சேறும் பாசியுமா கலங்கின தண்ணி. இப்பவும் பாருங்க, அடில கிடக்குற கல்லை வாய்ல போட்டு மென்னுட்டு த்தூன்னு துப்பும், சேத்தைக் கிளறித் தின்ன பழக்கம் போகவே இல்ல. கலங்கல் அதுக்குப் பிரச்சனையே இல்ல, குளத்துல தண்ணி ஏராளம், அழுக்கைச் செரிக்க சேறும் செடியும் இருக்கு. உருண்டை பவுல்ல என்ன இருக்கு? விளிம்பு வரைக்கும் ஊத்தினா காத்து படுற இடமும் சுருங்கிடும்.

இன்னொண்ணு, இது குளிர்த் தண்ணி மீன். 18-22 டிகிரி போதும், ஐஸ் மூடின குளத்தடியிலகூட தாக்குப்பிடிக்கும். சூடு ஏற ஏறத்தான் தண்ணில ஆக்ஸிஜன் குறையும், அதனால ஹீட்டரைக் கழட்டிட்டு ஏர் பம்ப் வெச்சுட்டேன்.

இப்ப பெரிய தொட்டி, வாரம் கால்வாசி தண்ணி மட்டும் மாத்தறேன், குளோரின் எடுத்துட்டு. ஸ்பாஞ்சை வெளிய எடுத்த பழைய தண்ணிலயே லேசா அலசறதோட சரி. கண்ணாடி ஓரமா பச்சைப் பாசி படிஞ்சிருக்கு, வர்றவங்க எல்லாம் கழுவ மாட்டியான்னு கேக்கறாங்க, மீன் அதைக் கொறிச்சுக்கிட்டே இருக்கு.