கம்பெனி டீ

எங்கள் பனியன் கம்பெனியில் 11 மணிக்கு அடிக்கும் டீ மணி பல்லடம் வரைக்கும் கேட்கும். 11.15-க்கு அடிக்கிற மணி, அதே சுவிட்ச், அதே மணிதான், பக்கத்தில் நிற்கிறவர் காதில்கூட விழாது. மணியில் என்ன கோளாறு என்று பார்க்க வந்த எலக்ட்ரீஷியனும் டீக்குப் போய்விட்டார்.

"கடைக்குப் போறதாலதானே நேரமாகுது? டீயை இங்கயே கொண்டாரச் சொல்லுங்க" என்றாள் வீட்டம்மா. சரி என்று போன வாரத்திலிருந்து தூக்குப்போசியில் டீ உள்ளேயே வருகிறது. குடிக்கிறார்கள். குடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

இன்றைக்கு 11.40 ஆகியும் கட்டிங் டேபிளில் விரித்த துணி விரித்தபடி கிடந்தது. நேரே கடைக்கே போனேன். வெள்ளை ஆர்டர் ஓடுகிறது அல்லவா, பெஞ்சில் இருந்த அத்தனை பேர் புருவத்திலும் வெள்ளைப் பஞ்சு. மொத்த ஷிப்ட்டும் ரிட்டயர்ட் ஆகி உட்கார்ந்திருந்தது.

"டீதான் உள்ளயே வந்துச்சே மாஸ்டர்?" என்று கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன்.

"அது கம்பெனி டீங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? மாஸ்டர் மகன் வேறு வக்கீலுக்குப் படிக்கிறான். தொழிற்சாலைச் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி ஓய்வு என்று ஆரம்பித்தார். அதுதான் மத்தியானம் ஒரு மணி நேரம் விடுகிறோமே என்றேன். "அது சோத்துக்குங்க" என்றார். சட்டத்தில் போண்டாவுக்குத் தனிப் பிரிவு இருக்கும் போல.

இவர்களெல்லாம் ஷிப்ட் சம்பளம். உட்கார்ந்தாலும் ஓடும். பீஸ் ரேட்டில் தைக்கிற ஓவர்லாக் அக்கா மட்டும் எந்த மணிக்கும் எழுந்திருப்பதில்லை. அவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க என்று திரும்பி வந்து சத்தம் போட்டேன்.

வீட்டம்மா செக்கிங் டேபிளிலிருந்து நிமிர்ந்தாள். "கத்துக்கறது இருக்கட்டும், அவங்க பாட்டிலைப் பாருங்க."

பார்த்தேன். காலையில் பிடித்த தண்ணீர் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. குடித்தால் பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் பத்து பீஸ் போச்சு.

போசியில் மிச்சமிருந்த டீயை ஊற்றிக்கொண்டு போய் மிஷின் பலகையில் வைத்தேன். "அக்கா, எந்திரிச்சுப் போயி பத்து நிமிஷம் உக்காந்து குடிங்க."

தையல் நிற்கவில்லை. "ஐயோ, டீயை அக்கட்ட எடுங்கண்ணா, வெள்ளை பீஸு!"