சுங்கை சிப்புட்டில் என் முதல் ரைபிள்

கல்யாணம் முடிந்து மலேசியாவுக்குக் கிளம்புகிற வாரம். கோவில்பட்டி வீட்டு நடுக்கூடத்தில் பெட்டிகளைப் பரப்பி வைத்திருந்தோம். அம்மா கருப்பட்டியைப் பனையோலையில் பொதிந்துகொண்டிருந்தாள். தம்பி நீளமான ஓர் அட்டைப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "அக்கா, இது ஒனக்கு. அங்க போயி விட்டுராதே" என்றான். திறந்தால் புத்தம்புது ஏர் ரைபிள்.

கல்லூரியில் நான் என்.சி.சி.யில் இருந்தவள். பாயில் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைபிளில் ஐந்து குண்டு சுடுவோம். ஐந்து ஓட்டையும் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று ஹவில்தார் அளந்து பார்ப்பார். அந்த நெருக்கத்துக்குப் பெயர் குரூப்பிங். வருடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் அந்த வாய்ப்பு வரும். ஆனாலும் மூச்சை நிறுத்தி விசையை இழுக்கிற அந்த நொடி என்னை விட்டுப் போகவே இல்லை. தம்பிக்கு அது தெரியும்.

இந்தியாவில் 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் அவன் கடைக்குப் போய் வாங்கி வந்துவிட்டான். விமானத்தில் கொண்டுபோக என்ன செய்யவேண்டும் என்று கேட்க என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் குரலே மாறிவிட்டது. "அதை மட்டும் கொண்டு வராதம்மா. இங்க அது காத்துத் துப்பாக்கியா, நெசத் துப்பாக்கியான்னு யாரும் பாக்க மாட்டாங்க. சினாப்பாங்னா சினாப்பாங்தான்." மலாயில் சினாப்பாங் என்றால் துப்பாக்கி.

இங்கே வந்து படித்துப் பார்த்தபோது அவர் மிகைப்படுத்தவில்லை என்று தெரிந்தது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டுவரை சிறை. ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு, ஆறுக்குக் குறையாமல். பார்த்தால் துப்பாக்கிபோல இருக்கிற போலிப் பொருளுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊரில் பலூன் சுட்ட துப்பாக்கிதானே என்று பெட்டியில் போட்டுவிடாதீர்கள். உதிரி பாகத்தைக்கூட எடுத்து வராதீர்கள்.

அந்த அட்டைப்பெட்டி கோவில்பட்டியிலேயே நின்றுவிட்டது. நான் சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தேன்.

ஈப்போவுக்கு வடக்கே அரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் தோட்டங்கள், ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர், இன்று பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்து வளர்ந்த ஊர் என்று இங்குள்ளவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்று தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு கட்டி இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் செம்பனை ஆலையில் வேலை பார்க்கிறார். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்டார்கள். முதல் மாதம் முழுக்க அந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் "ஆச்சுங்க, நீங்க?" என்று சொல்லப் பழகினேன்.

வீட்டில் பெரியவர் என் மாமனாரின் அம்மா. எண்பதைத் தாண்டிய பாட்டி. துப்பாக்கி சுடப் பழகப் போகிறேன் என்று நான் சொன்னதும் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டார். "வீட்டுக்குள்ள வரப்படாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏன் என்று என் மாமியாரான அத்தைதான் பிறகு சொன்னார்.

1948 ஜூன் 16 அன்று இந்த ஊரைச் சுற்றியுள்ள எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதையொட்டித்தான் மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு அப்போது மரண தண்டனை. பாட்டிக்கு அன்று ஏழெட்டு வயது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டதும், பால் வெட்டப் போகிற அம்மாவின் தூக்குவாளியில் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுக்கச் சோறு ஒளித்திருக்கிறதா என்று வாசலில் சோதித்துப் பார்த்ததும் அவர் கண்ணால் கண்டவை. அவருக்குத் துப்பாக்கி என்றால் அந்த வாசல்தான். அந்த வார்த்தையை மீற எனக்கு மனம் வரவில்லை. மீறவும் தேவையில்லை என்று பிறகு புரிந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் ஐயா இருக்கிறார். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். செம்பனங்கன்றுகளைத் தோண்டிப் போடுகிற காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காக அந்தக் காலத்தில் லைசென்சோடு தோட்டா துப்பாக்கி வைத்திருந்தவர். அவர்தான் என்னைப் போலீஸ் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, கூட்டிப்போனார். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஐயா எனக்கு அதைத் தமிழில் சொன்னார்: "மொதல்ல துப்பாக்கி சுடுற கழகம் ஒண்ணுல சேருமா. அங்க இருக்கிறதுல பழகு. சொந்தமா வாங்குற பேச்செல்லாம் அதுக்கப்புறம்." எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்துக்கொண்டு, எந்த ரைபிள் வாங்கலாம் என்று மூன்று மாதமாக ராத்திரி ராத்திரி படித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஈப்போ பக்கம் ஒரு கழகத்தில் சேர்ந்தேன். பத்து மீட்டர் கூடம். இங்கே சுடுவது காற்று ரைபிள், குண்டு 4.5 மில்லிமீட்டர். நின்றுகொண்டுதான் சுடவேண்டும். அட்டையின் நடுவே பத்துப் புள்ளி தருகிற இடம் அரை மில்லிமீட்டர். பேனா முனை வைத்த அளவு. போட்டியில் இப்படி அறுபது குண்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டது இந்தப் பிரிவில்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட மலேசியப் பெண் நூர் சூர்யானியும் இதே பிரிவுதான். அந்தப் பெண்ணைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். "வயித்துல புள்ளையோடயா?" என்று இரண்டு முறை கேட்டார். அதன்பிறகு சனிக்கிழமை சமையலை அவரே எடுத்துக்கொண்டார்.

கழகத்தின் இரும்பு அலமாரியில் மூன்று விதமான ரைபிள்கள் இருந்தன. எதை எடுப்பது என்பதுதான் என் உண்மையான தேர்வாக அமைந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து படித்ததில் பாதி அங்கே தலைகீழாகிப் போனது.

முதலாவது, குழலை நடுவில் மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற சாதாரண வகை. தம்பி வாங்கியதும் இதுதான். விலை குறைவு. விளம்பரத்தில் வேகத்தை வைத்து விற்பார்கள். ஆனால் பத்து மீட்டருக்கு வேகம் எதற்கு? ஒலிம்பிக் ரைபிளின் குண்டே விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர்தான் போகிறது. மடக்கு வகையில் பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் ஒருமுறை பின்னால் உதைக்கும்; பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள் இது நடக்கிறது. பிடி ஒரு நூல் மாறினால் ஓட்டை வேறிடத்தில் விழும். தப்பு நம்முடையதா, துப்பாக்கியுடையதா என்று கற்றுக்கொள்கிறவருக்குத் தெரியாமலே போய்விடும். மலிவானது என்று இதை வாங்கியிருந்தால் ஓராண்டு வீணாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது, இன்றைய போட்டி ரைபிள். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தது. உதையே இல்லை. கையில் எடுத்ததும் மனது அதிலேயே ஒட்டிக்கொண்டது, மறைக்கமாட்டேன். ஆனால் புதிது பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். பழையது வாங்கலாம் என்றால் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பார்க்கவேண்டும்; சர்வதேசப் போட்டி விதிப்படி பத்து ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. அதற்குக் காற்று நிரப்ப ஸ்கூபா தொட்டியோ உயர் அழுத்தப் பம்போ வேண்டும். விலைச்சீட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது.

மூன்றாவது, மூலையில் சாய்ந்திருந்த பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். ஜெர்மன் தயாரிப்பு, 1970களில் உலகப் போட்டிகளில் கோலோச்சிய ரகம். இதிலும் ஸ்பிரிங்தான். ஆனால் சுடும்போது குழலும் இயந்திரமும் சேர்ந்து ஒரு தண்டவாளத்தில் பின்னால் நழுவிவிடும், தோளில் வைக்கிற மரக்கட்டை அசையாது. தோளில் உதை தெரியாது. பக்கவாட்டு நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் போதும், காற்றுத் தொட்டி வேண்டாம். எடை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மரத்தில் கீறல், எண்ணெய் வாசனை. அதில் மூன்று என்று வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்தது. பயிற்சியாளர் அதைத்தான் என் கையில் கொடுத்தார்.

துப்பாக்கி நம் உடம்புக்கு ஒத்துவருவது விலையைவிட முக்கியம். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். கட்டை நீளமாக இருந்தால் தலையை முன்னால் நீட்டவேண்டியிருக்கும். கால் மணி நேரத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். மூன்றாம் எண்ணின் பின்தட்டைக் கழற்றி, இடையிலிருந்த அடைக்கட்டைகளில் இரண்டை எடுத்துவிட்டுப் போட்டார்கள். கன்னம் தானாக மரத்தில் போய் உட்கார்ந்தது. கடையிலோ கைபேசியிலோ படத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் சின்ன முக்கோணம் செய்து, தூரத்தில் இருந்த கடிகாரத்தை அதற்குள் பார்க்கச் சொன்னார்கள். பிறகு கண்ணை மாற்றி மாற்றி மூடச் சொன்னார்கள். வலது கண்ணால் பார்த்தபோது கடிகாரம் முக்கோணத்தைவிட்டு ஓடிவிட்டது. எனக்கு வலக்கை, ஆனால் ஆளுகிற கண், அதாவது குறிபார்க்கும்போது மூளை நம்புகிற கண், இடது! என்.சி.சி.யில் என் குண்டுகள் ஒருபக்கமாக ஒதுங்கி விழுந்ததற்குக் காரணம் அத்தனை வருடம் கழித்து ஈப்போவில் பிடிபட்டது. இடக்கை ரைபிள் தேடி அலையவேண்டியதில்லை என்றார் பயிற்சியாளர். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணருகே குறிபார்க்கிற பின் குறியின் பக்கத்தில் இடது கண்ணுக்கு முன்னால் வைத்தார். கண்ணை இறுக்கி மூடினால் இரண்டு கண்ணும் களைத்துவிடும். இப்படி மறைத்தால் வெளிச்சம் வரும், உருவம் வராது. காசு செலவில்லாமல் கிடைத்த திருத்தம் இதைப்போல எனக்கு வேறில்லை.

அந்த இரண்டாயிரம் வெள்ளி என்ன ஆனது? பழைய சுடும் சட்டை ஒன்று 350 வெள்ளிக்குக் கிடைத்தது. கித்தான் துணியில் விறைப்பாக இருக்கும், முதுகைத் தாங்கும். இந்த ஊர் வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது தனித் தவம். இடக்கைக்குக் கையுறை. தட்டையான அடிப்பாகம் உள்ள சாதாரணக் கான்வாஸ் காலணி. மிச்சமெல்லாம் குண்டுக்கு. பழக்கத்துக்கு இருபது, கணக்குக்கு அறுபது என்று ஒரு நாளைக்கு எண்பது போகிறது. 500 உள்ள டப்பா ஆறு நாள் வரும். குண்டின் தலை தட்டையாக இருக்கவேண்டும், அப்போதுதான் காகிதத்தில் ஓட்டை வட்டமாக விழும். தலை அளவிலும் 4.49, 4.50 என்று நுண்ணிய வேறுபாடு உண்டு. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். மூன்றாம் எண்ணுக்கு 4.50. இரண்டு வகையிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்த பிறகே டப்பாவுக்குக் காசு கொடுத்தேன். ரைபிளும் குண்டும் கழகத்திலேயே பூட்டில் இருக்கும். பாட்டியின் வாசலை அவை தாண்டவில்லை.

நம்மவர்களுக்கு ஒரு விஷயம். குண்டு ஈயம். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு, நக இடுக்குவரை கழுவாமல் ரொட்டி சானாயைத் தொடக்கூடாது. தே தாரிக் கடைக்குப் போகும் வழியில் நான் இரண்டு இளைஞர்களை நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிறுபிள்ளை இருக்கிற வீடென்றால் சட்டையை மாற்றிக்கொண்டு போவதும் நல்லது.

இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. என் அட்டைகளில் அறுபது குண்டுக்கு, அறுநூறு புள்ளிக்கு ஐந்நூற்று நாற்பது வரை வந்திருக்கிறது. இரண்டு மாதமாக ஓட்டைகள் மேலும் கீழுமாகச் சிதற ஆரம்பித்தன. மூச்சைச் சரிபார்த்தேன், நிற்பதைச் சரிபார்த்தேன். கடைசியில் வேகம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். குண்டுக்குக் குண்டு வேகம் மாறியது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, எனக்கு முன் எத்தனை பேர் அதில் பழகினார்களோ!

சொந்த ரைபிளுக்கு மனுப்போடலாம் என்று மறுபடி சேர்க்கத் தொடங்கியிருந்த பணத்திலிருந்து புது ஸ்பிரிங்குக்குக் கொடுத்துவிட்டேன். தம்பியிடம் சொன்னபோது, "வேற யாரோ துப்பாக்கிக்கா?" என்றான். மூன்றாம் எண்ணுக்குடா என்றேன். அடுத்த சனிக்கிழமை மாற்றுகிறார்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் பயிற்சியாளர். மாற்றியதும் ஸ்பிரிங் பதிவதற்கு ஐம்பது குண்டு சுடவேண்டுமாம், அதை நானே சுடுகிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.