ஆய்வுக் கட்டுரையில் யார் யார் பெயர்?

நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கழுத்துவலி, முதுகுவலி பற்றி நாங்கள் செய்த ஆய்வு இப்போது அச்சாகிவிட்டது. அதை எழுதப் பட்ட பாட்டைவிட, யார் பெயரைப் போடுவது என்று பேசி முடிக்கப் பட்ட பாடுதான் அதிகம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கியிருந்தோம். அது இல்லாமல் வினாக்கொத்தோடு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போகக் கூடாது. அனுமதி இலக்கத்தைக் கட்டுரையிலும் குறிப்பிட வேண்டும். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் நாங்களே எடுத்துவிட்டோம். சில டிவிசன்களில் நாலைந்து லயம்தான். வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவன் இல்லை என்று மூன்று விவரம் எழுதினால் போதும், ஆள் யாரென்று கங்காணிக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம்தான் பெயர்ப் பிரச்சினை. மூத்தவர் ஒருவரின் பெயர் கடைசியில் தானாகவே வந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் கட்டுரையில் ஒரு வரியும் வாசித்திருக்க மாட்டார், யாரும் அதைக் கேட்கவும் மாட்டார்கள். ஆய்விதழ் அனுப்பிய படிவம் கேட்டது. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகள் அதில் இருந்தன. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைத் திரட்டியதிலோ அலசியதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தோடு திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்குச் சம்மதம் தர வேண்டும். நாளைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் சரிவராது. பணம் பெற்றுத் தந்தவருக்கும் பொதுவாக மேற்பார்வை செய்தவருக்கும் நன்றிப் பகுதிதான்.

"சேர், உங்கள் பெயர் வராது" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய், "நாலாவதுக்கும் நீங்க கையெழுத்துப் போடணுமாம் சேர்" என்று நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். "அப்ப நன்றியில போடுங்க" என்றார். கோபம்தான், ஆனால் என்மேல் இல்லை, அந்தத் தாளின்மேல். இளையவர்களுக்கு இந்த விதிகளால் கிடைக்கும் பெரிய லாபமே அதுதான் என்பேன்.

பட்டியலில் புதிதாகச் சேர்ந்தவர் எங்கள் கள உதவியாளர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முதுகைவிடக் கழுத்தில்தான் வலி அதிகம் என்று அட்டவணை காட்டியபோது நாங்கள் தரவையே சந்தேகப்பட்டோம். "கூடைக் கயிறு தலையிலதானே மிஸ் மாட்டியிருக்கு. மேட்டுல ஏறுறப்போ பாரமெல்லாம் கழுத்துக்குத்தான்" என்றார். முடிவுகளை விளக்கும் பகுதி அந்தப் பேச்சிலிருந்துதான் திரும்ப எழுதப்பட்டது. கட்டுரை ஆங்கிலத்தில் இருந்ததால், இறுதி வடிவத்தைப் பந்தி பந்தியாகத் தமிழில் சொல்லிக் காட்டினேன். இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார். அதன் பிறகுதான் கையெழுத்து.

அச்சிடுமுன் ஆய்விதழுக்காகக் கட்டுரையை வாசித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர்களில் ஒருவர் நல்ல கேள்விகளாகக் கேட்டார். மற்றவர் சில கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னார். எல்லாவற்றிலும் ஒரே ஆளின் பெயர்! தன் மேற்கோள் கணக்கைக் கூட்டுவதற்காக மதிப்பாய்வாளர் இப்படிக் கேட்கக் கூடாது என்று, 1997 இல் தொடங்கிய பதிப்பு நெறிமுறைக் குழுவான 'கோப்' தெளிவாகவே சொல்கிறது. பொருந்திய ஒன்றைச் சேர்த்தோம். மற்றவை ஏன் பொருந்தவில்லை என்று, யாரையும் குற்றம் சொல்லாமல், பதிப்பாசிரியருக்கு எழுதினோம். அவர் ஏற்றுக்கொண்டார்.

இப்போது மதிப்பாய்வு கேட்டு எனக்கும் கட்டுரைகள் வருகின்றன. அண்மையில் ஒன்றில் பெயர்களை மறைத்திருந்தும், பண்டாரவளைத் தரவைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. என்னோடு சேர்ந்து எழுதுகிறவர். காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டேன். ஏற்கும் கட்டுரைகளை வேறு யாருக்கும் காட்டுவதில்லை, சுருக்கித் தரச் சொல்லி சாட்ஜிபிடியில் போடுவதும் இல்லை. மறுக்கும்போது வேறு யாரைக் கேட்கலாம் என்று சில ஆய்விதழ்கள் விசாரிக்கும். தெரிந்த இளையவர்களின் பெயரைக் கொடுத்துவிடுகிறேன்.