அப்பாவின் பெயரைக் கொடியில் தைத்தேன்

அப்பா போன கார்த்திகையில் காலமானார். அவருடைய இரும்புப் பெட்டியை ஆடி மாதம்தான் திறக்க முடிந்தது. அதற்கு முன் கை வரவில்லை. மேலே நேவி பெல்ட், நடுவில் துறைமுக முத்திரைகள் நிறைந்த சி.டி.சி. புத்தகங்கள் (கப்பல் ஊழியர்களுக்குத் தரும் பணிப் பதிவேடு), அடியில் ஒரு நோட்டு. நேவியில் சேர்ந்து கொச்சி சிக்னல் பள்ளியில் படித்தபோது எழுதியது. கட்டம் கட்டமாக, கலர் பென்சிலில், கப்பல்கள் ஒன்றோடொன்று பேச ஏற்றும் கொடிகள், ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26. பக்கத்தில் கொடியின் பெயரும், அதைத் தனியாக ஏற்றினால் என்ன பொருள் என்று பொடி எழுத்தில் தமிழில் குறிப்பும். ஆஸ்கர்: 'ஆள் கடலில் விழுந்தான்'. யூனிஃபார்ம்: 'நீ போற பக்கம் ஆபத்து'. கியூபெக்: 'எல்லாரும் சுகம், உள்ளே விடு'.

அம்மாவின் உஷா மெஷின் சும்மாதான் இருந்தது. வருஷ திதிக்குள் அப்பாவின் பெயரை இந்தக் கொடிகளில் தைத்து மொட்டை மாடியில் ஏற்றுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தலையணை உறை தவிர நான் எதுவும் தைத்ததில்லை.

முதல் கொடி

ஆரம்பித்தது அப்பாவின் பெயரில் இல்லாத எழுத்தில்: பாப்பா கொடி. நீலத் துணி, நடுவில் வெள்ளைச் சதுரம். ஆங்கில எழுத்துகளைக் கப்பல்காரர்கள் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்லும் வரிசையில் 'பி'க்கு அடுத்து வரும் இன்னொரு 'பி', அதாவது பதினாறாவது எழுத்துக்குப் பெயர் பாப்பா. சின்ன வயதில் எனக்கு அது தெரியாது. லீவு முடிந்து கிளம்பும்போது அப்பா என் தலையைத் தொட்டு, "கப்பல்ல பாப்பா கொடி ஏத்திட்டாங்க, நான் போகணும்" என்பார். வீட்டில் என்னைக் கூப்பிடுவதே பாப்பா என்றுதான். எனக்காக ஒரு கொடி ஏற்றுகிறார்கள், அதைப் பார்க்கத்தான் அப்பா ஓடுகிறார் என்று பத்து வயது வரை நம்பினேன். துறைமுகத்தில் அந்தக் கொடி ஏறினால் கப்பல் கிளம்பப் போகிறது, எல்லாரும் ஏறிவிட வேண்டும் என்று பொருள்.

முதலில் பாப்ளின் துணியில் தைத்தேன். மாடியில் கட்டிய இரண்டாம் நாள் ஒரு மழை. நீலம் வெள்ளையில் இறங்கிவிட்டது. தெரு முனைத் தையல்கடை அண்ணாச்சியிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சட்டைக்குத்தான் உள்பக்கம் உண்டு. கொடிக்கு ரெண்டு பக்கமும் முகம்" என்றார். வெள்ளைச் சதுரத்தை நான் நீலத்தின் மேல் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தேன். பின்னாலிருந்து பார்த்தால் முழு நீலம்.

அவர் சொன்ன வழி இது. டஃபட்டா என்ற வழுவழுப்பான செயற்கைத் துணி வாங்கு. நீலத்தின் மேல் வெள்ளையை வைத்து நான்கு ஓரமும் இரட்டைத் தையல் போடு. பிறகு திருப்பி, தையலுக்கு உள்ளே இருக்கும் நீலத்தை வெட்டி எடுத்துவிடு. டஃபட்டா நூல் பிரியும், அதனால் வெட்டிய ஓரத்தில் ஊதுபத்தி முனையை மெல்ல ஓட்டு. ஓரம் இளகி ஒட்டிக்கொள்ளும். ஒரு இடத்தில் கை நின்றால் ஓட்டை விழும். எனக்கு இரண்டு ஓட்டை விழுந்தது. பரவாயில்லை, அவற்றை மடித்துத் தைத்துவிட்டேன்.

ஆவணி, புரட்டாசி

ஒவ்வொரு கொடியும் 60 சென்டிமீட்டர் நீளம், 50 உயரம். துணி ஐந்தே நிறத்தில் வாங்கினால் போதும்: சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை. தூரத்தில் கடல் வெளிச்சத்தில் ஒன்றோடொன்று குழம்பாத நிறங்கள் இவைதான் என்று இந்த ஐந்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். பச்சை கிடையாது.

அப்பாவின் பெயர் சங்கர். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: SANKAR. முதல் எழுத்து 'எஸ்', அதாவது சியேரா. அதை வெட்டி மேசையில் வைத்தபோதுதான் கவனித்தேன்: வெள்ளைத் துணி, நடுவில் நீலச் சதுரம். பாப்பா கொடியை அப்படியே நிறம் மாற்றிப் போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிலோவும் ரோமியோவும் ஒரே வாரத்தில் முடிந்தன. படுத்தியது 'என்' எழுத்துக்கான நவம்பர் கொடி. நீலமும் வெள்ளையும் மாறி மாறி 16 கட்டம். பதினாறு துண்டாக வெட்டித் தைத்தால் மூலைகள் சேரவே சேராது. நான்கு நீளப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, அதைக் குறுக்கே நான்காக வெட்டி, ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்க்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே மூன்று முறை பிரித்தேன். சரியாக வந்த முறையும் தையலுக்குத் துணி விட மறந்துபோனேன். ஒரு தையலுக்கு 2 சென்டிமீட்டர், மூன்று தையலுக்கு 6. கொடி 54க்கு 44 என்று சுருங்கிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

இந்த வேலையில் இருந்தபோதுதான் 1971 பாகிஸ்தான் போர் பற்றி அப்பா சொன்னது புரிந்தது. அவர் அப்போது நேவியின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தில் சிக்னல்மேன். கப்பலின் ஒரு பாய்லரில் விரிசல், முழு வேகம் போக முடியாது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. அப்போது விக்ராந்த் அந்தமான் பக்கம். டிசம்பர் 4 அன்று அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில், உள்ள காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கின. "ரேடியோவ மூடிட்டாங்க. வாயத் திறந்தா எதிரிக்கு நாம இருக்கிற இடம் தெரியும். பக்கத்துக் கப்பல்கிட்ட விளக்கும் கொடியும்தான் பேசும்" என்பார். ஒரு கட்டம் கோணினாலும் தூரத்தில் இருப்பவனுக்கு வேறு எழுத்தாகிவிடுமோ என்று பயந்து பயந்து இஸ்திரி போட்டேன்.

ஐப்பசி

இரண்டாவது எழுத்தும் ஐந்தாவது எழுத்தும் ஆல்ஃபா. கம்பத்தின் பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் நீலம், நுனி மீன்வால் போலப் பிளந்திருக்கும். இரண்டு ஆல்ஃபா தைத்து முடித்த பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முக்கோணக் கொடிகள் மூன்று. 'ஒரு செட்டில் எழுத்துக்கு ஒரு கொடிதான். அதே எழுத்து மறுபடி வந்தால் மாற்று.' முதல் மாற்று என்றால் மேலிருந்து முதல் கொடியைத் திரும்பப் படி, இரண்டாம் மாற்று என்றால் இரண்டாவதை. அப்படியானால் அப்பாவின் பெயரில் ஐந்தாவதாக வர வேண்டியது இரண்டாம் மாற்றுதான். கம்பத்தின் பக்கம் நீலம், நுனிப்பக்கம் வெள்ளை.

ஒரு சிக்னல்மேன் பெயரை இரண்டு ஆல்ஃபா வைத்து ஏற்றினால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இரண்டாவதைப் பிரித்து அந்தத் துணியிலேயே முக்கோணம் வெட்டினேன்.

1979இல் நேவியை விட்ட பிறகும் 1998 வரை சரக்குக் கப்பல்களில் சுக்கானியாகப் போனார் அப்பா. சிங்கப்பூர், மொம்பாசா, போர்ட் சைட், ரோட்டர்டாம், யோகோஹாமா என்று முத்திரைகளை எண்ணினால் 41 துறைமுகம் வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு கிளம்பல். அம்மா அந்தப் புத்தகங்களைத் திறந்து பார்த்ததே இல்லையாம்.

கார்த்திகை, திதி நாள்

20 அடி ஜி.ஐ. பைப், உச்சியில் கப்பி, நைலான் கயிறு. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்த பிறகு மாடிக்குப் போனோம். வாடைக்காற்று நன்றாகவே இருந்தது. சியேரா, ஆல்ஃபா, நவம்பர், கிலோ, இரண்டாம் மாற்று, ரோமியோ. ஆறும் ஏறி விரிந்தபோது நவம்பரின் கட்டங்கள் கீழிருந்து துல்லியமாகத் தெரிந்தன. ரோமியோவின் மஞ்சள் சிலுவை மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. பிரித்துத் தைக்க வேண்டும்.

பாப்பா கொடியைக் கையில் வைத்திருந்தேன். அதைத் தனியாக ஏற்றலாம் என்று நினைத்திருந்தேன். அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கிளம்பறதுக்குக் கொடி இருக்கு. வந்து சேர்ந்தா என்ன கொடி?"

கியூபெக் என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்து துறைமுகத்துக்கு வெளியே நிற்கும்போது, கப்பலில் நோய் நொடி இல்லை, உள்ளே வர அனுமதி வேண்டும் என்று ஏற்றுவது. முழு மஞ்சள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை.

"துணி இருக்கா?"

ரோமியோவுக்கு வாங்கியதில் முக்கால் மீட்டர் மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலம் நான் ஓரம் மடித்துக் கொடுக்க, அம்மாவே மெஷினில் உட்கார்ந்து தைத்தார்.