கராத்தே டிரஸ்ஸைப் பிரித்துத் தைத்த கதை

போன வருடம் பள்ளிக்கூடம் திறந்த வாரம். யூனிஃபார்ம் தைத்து மாளாமல் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் கராத்தே மாஸ்டர் கடைக்கு வந்தார். "அக்கா, 22 பசங்களுக்கு டிரஸ் வேணும். ரெடிமேடு வாங்கினா கொசுவலை மாதிரி இருக்கு" என்றார். மாதிரிக்குத் தன்னுடைய பழைய உடுப்பையே மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் கடை தருமபுரியில் பென்னாகரம் ரோட்டுப் பக்கம். அவர் வகுப்பு நடத்துவது இரண்டு தெரு தள்ளி, ஒரு மண்டபத்து மொட்டை மாடியில். சாயங்காலமானால் பிள்ளைகள் போடும் சத்தம் என் மெஷின் சத்தத்தையும் மீறி வரும். அந்தச் சத்தத்துக்கு நான் உடுப்புத் தைப்பேன் என்று நினைத்ததில்லை.

துணியை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அப்புறம்தான் வெட்டினேன். காட்டன் சுருங்கினால் பேண்ட் முழங்காலுக்கு ஏறிவிடும். கழுத்துப் பட்டைக்கு ஐந்து வரிசைத் தையல். கால்சட்டையில் தொடை சந்தில் கூடுதலாக ஒரு துண்டு, இல்லாவிட்டால் முதல் உதையிலேயே கிழியும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். சட்டையின் முன்பக்கத்தை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துக் கட்டுகிற நாடாவில் கோட்டை விட்டேன்.

இருபது வருடமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிற கை. பெண்கள் உடுப்பில் வலப்பக்கம்தான் மேலே வரும். மாதிரி கண்ணெதிரே கிடந்தும் கை தன் பழக்கத்துக்கே போய்விட்டது. ஒரு பையனுக்குப் போட்டுப் பார்த்த மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அக்கா, ஜப்பான்ல வலது பக்கத்த மேல போட்டு மூடறது செத்தவங்களுக்குத்தான்" என்றார்.

ஒரு உடுப்புக்கு நான்கு நாடா. ஒரே ஒரு உடுப்பை விட்டுவிட்டு, மீதி 21 உடுப்பின் 84 நாடாவையும் பிரித்து இடம் மாற்றித் தைக்க மூன்று இரவு ஆனது. அந்த மூன்று இரவும் எனக்குள் ஓடியது ஒரே கேள்வி. இந்த உடுப்பு எத்தனை காலத்துப் பழசு? ஆயிரம் வருடம் இருக்குமா? அதற்கப்புறம்தான் போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நூறு வருடத்துச் சரக்கு. அவ்வளவுதான்.

கராத்தே பிறந்த ஒகினாவா தீவு ஒரு காலத்தில் ரியுக்யூ என்ற தனி ராஜ்ஜியம். 1609இல் ஜப்பானின் சட்சுமா படை வந்து அதை அடக்கியது. 1879இல் ராஜாவையும் இறக்கிவிட்டு, ஜப்பானின் ஒரு மாகாணமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டதால் ஏழை விவசாயிகள் வெறுங்கையால் சண்டை கற்றார்கள் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெயர் தெரிந்த பழைய ஆசான்களில் பலர் அரண்மனை உத்தியோகம் பார்த்த குடும்பத்துக்காரர்கள். இதோசு என்பவர் ராஜாவிடமே எழுத்தர். ஹிகாஒன்னா என்பவர் கடல் தாண்டி, சீனாவின் ஃபூஜோ நகரத்துக்குப் போய்க் கற்று வந்தவர். அந்தக் காலத்துப் படங்களில் சீருடையைக் காணோம். அன்றாடம் உடுத்தும் துணி, அல்லது வெற்று மார்பு.

இதோசுதான் 1901இல் இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர். பிள்ளைகளுக்குத் தோதாக ஐந்து கட்டாக்களை, அதாவது குத்தும் உதையும் வரிசையாகக் கோத்த பயிற்சிகளை, எளிமையாக அமைத்தார். பெரியவர் சட்டையைப் பிள்ளைக்குப் பிடித்துத் தைத்துக் கொடுப்பது மாதிரி. மொட்டை மாடியில் எங்கள் பிள்ளைகள் "ஹெயான் ஷோதான்" என்று கத்துகிறார்களே, அது அந்த ஐந்தில் ஒன்றுதான்; பெயர் மட்டும் பிற்பாடு மாறியது. 1908இல் அவர் எழுதிய கடிதத்தில், சின்ன வயதிலேயே பழக்கினால் நாளைக்கு ராணுவத்துக்கும் உதவும் என்று சொல்லியிருக்கிறார். வரிசையாக நிறுத்தி எண்ணிக்கை சொல்லிக் குத்த விடுவதைப் பார்த்தால் எனக்குப் பள்ளிக்கூட டிரில் பீரியடு ஞாபகம் வரும். காரணம் இப்போதுதான் புரிந்தது.

சரி, உடுப்புக்கு வருகிறேன். ஃபுனாகோஷி என்ற ஒகினாவா வாத்தியார் 1922இல் டோக்கியோ போய்ச் செய்து காட்டினார். ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ தன் கொடோகான் கூடத்துக்கும் அவரை அழைத்தார். அதற்காக ஃபுனாகோஷி வெள்ளைத்துணி வாங்கி, முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து ஜூடோ உடுப்பு மாதிரியில் தானே கையால் தைத்தார் என்று ஒரு கதை படித்தேன். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கியிருப்பார். இந்த வரலாற்றில் எனக்கு நெருக்கமான ஆள் அவர்தான்.

பெல்ட்டும் கானோவிடமிருந்து வந்ததுதான். கறுப்புப் பெல்ட் ஜூடோவில்தான் முதலில் வந்தது. ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்குக் கொடுத்தது 1924இல். மஞ்சளும் பச்சையும் ஐரோப்பாவின் ஜூடோ வகுப்புகளில் பரவிய பழக்கம். துவைக்காமல் கட்டிக் கட்டி வெள்ளைப் பெல்ட்டே கறுப்பாகிவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். தையல்காரியாகச் சொல்கிறேன், அழுக்கு ஏறினால் வெள்ளைத்துணி பழுப்பாகும். உங்கள் வீட்டுக்காரர் சட்டைக் காலரைப் புரட்டிப் பாருங்கள்.

பெயரிலும் ஒரு ஒட்டுத்தையல் இருக்கிறது. 'தே' என்றால் கை. முன்பு 'கரா' என்பதற்குச் சீனாவைக் குறிக்கும் எழுத்தைப் போட்டு, சீனக்கை என்று எழுதினார்கள். அதே ஓசைக்கு 'வெறுமை' என்று பொருள்படும் இன்னொரு எழுத்தும் உண்டு. 1936இல் ஆசான்கள் ஒகினாவாவின் நாஹா நகரத்தில் கூடி, இனி வெறுங்கைதான் என்று முடிவு செய்தார்கள். சீனாவோடு ஜப்பான் முட்டிக்கொண்டிருந்த காலம் அது. மறுவருடம் முழுப் போரே வந்துவிட்டது. சீனா என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஜப்பானுக்குள் கடை விரிக்க முடியுமா?

வகுப்பு ஆண்டு விழாவில், போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய்க் கற்றுக்கொடுத்ததுதான் கராத்தே என்று மேடையில் பேசினார்கள். கைதட்டல் அடங்க நேரமானது. நானும் தட்டினேன். பிறகு படித்துப் பார்த்தால், 547ஆம் ஆண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. வேறொரு பழைய குறிப்பு தென்னிந்தியர் என்கிறது. அவரை உடற்பயிற்சியோடு சேர்க்கும் நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம்மிடம் வீரத்துக்கா பஞ்சம்? தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் வாளும் வில்லுமாக நடுகல்லில் நிற்கிறார்கள். இதை மாஸ்டரிடம் சொன்னேன். "அக்கா, நீங்க டிரஸ் மட்டும் தைங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனாலும் அடுத்த வாரமே போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வீடியோ. கராத்தே முதன்முதலாகச் சேர்ந்தது அதில்தான். அடுத்த பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே எடுத்துவிட்டார்கள். ஆண்கள் கட்டாவில் தங்கம் வென்ற கியுனா ரியோ, ஒகினாவாக்காரர். இறந்துபோன தன் அம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றார். மாஸ்டர் கண் கலங்கினார். என் கண் சட்டையில் இருந்தது. இடப்பக்கம் மேலே.

இப்போது கட்டிங் மேஜை விளிம்பில் 'கராத்தே - இடது மேலே' என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த 22இல் ஒரு பையன் வகுப்பை விட்டே நின்றுவிட்டான். அவனுடையதை மட்டும்தான் பிரிக்காமல் விட்டேன். அந்தச் சட்டைதான் ராத்திரி கடை சாத்தும்போது மெஷினுக்குப் போர்வை. வலது மேலே வரும்படிதான் கட்டிவிட்டு வருகிறேன். அதற்கென்ன, மெஷினும் அந்நேரத்துக்குச் செத்துத்தான் கிடக்கிறது.